கல்லும் கடவுளும் காட்சிச்சாலையும்

கல் ஒன்றுதான்; வைக்கும் இடத்தால் அதன் பெயர் மாறுகிறது. மரத்தடியில் வைத்தால் கடவுள். மன்னன் மாளிகையில் வைத்தால் செல்வம். காட்சிச்சாலையில் வைத்தால் வரலாறு. இம்மூன்றில் எந்தப் பெயர் ஒரு நாட்டில் நிலைபெறுகிறது என்று பார்த்தால் போதும், அந்நாட்டு மக்கள் பக்தர்களாக இருக்கிறார்களா, குடிமக்களாக எழுந்துவிட்டார்களா என்று சொல்லிவிடலாம்.

இதை மெய்ப்பிக்க நாம் இரு மலைகளுக்கும் ஒரு மாளிகைக்கும் போய்வர வேண்டும். முதல் மலை நம்முடையது. சேலத்துக்கு அருகே நிமிர்ந்து நிற்கும் சேர்வராயன் மலை. மாளிகை பீகிங்கில், இன்றைய பெயரில் பெய்ஜிங்கில், இருக்கிறது. இரண்டாவது மலை தைவான் தீவில் இருக்கிறது.

கோடரி கோயிலேறிய கதை

ஏற்காடு என்றதும் ஏரியும் காப்பித் தோட்டமும் குளிர்காற்றும் நினைவுக்கு வருகின்றன. கோடையில் செல்வோர் அவற்றைக் கண்டு களித்துத் திரும்புகின்றனர். தலைச்சோலை போன்ற சிற்றூர்களில் வாழ்கின்ற மலையாளி என்னும் பழங்குடி மக்களைப் பார்ப்போர் சிலர். அவர்களோடு பேசுவோர் மிகச் சிலர். பெயரைக் கண்டு அவர்களைச் சேரநாட்டார் என்று கருதிவிட வேண்டாம். மலையை இடமாகக் கொண்டதால் அப்பெயர் பெற்ற அவர்கள் பேசுவது தமிழ். கூறுவது தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்னும் வழிவழிக் கதை.

இம்மலையில் கற்கோடரிகள் கிடைத்துள்ளன. வழவழப்பாகத் தேய்த்து, ஒரு முனையைக் கூராக்கி, மரப்பிடியில் பொருத்தக்கூடிய கருங்கற் கோடரிகள். இரும்பு இந்நாட்டுக்கு அறிமுகமாகுமுன், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, காட்டை வெட்டிக் கழனியாக்க முனைந்த மனிதன் செய்த கருவிகள் அவை. ஒரு கோடரியைத் தேய்த்து முடிக்க எத்தனை நாள் ஆயிருக்கும்! எத்தனை விரல் தேய்ந்திருக்கும்! அந்த உழைப்பாளியின் பெயரை எந்தப் புராணமும் பாடவில்லை.

இரும்பு வந்தது. கல் மறைந்தது. கருவியின் பயன் மறந்துபோயிற்று. நூற்றாண்டுகள் கழித்து மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, இவ்வளவு ஒழுங்கான வடிவுடைய கல்லை மனிதன் செய்திருக்க முடியும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எடுத்தனர், வியந்தனர், சிறு கோயில்களிலும் மரத்தடிகளிலும் வைத்து வணங்கினர். கோடரி கோயிலேறிற்று! பாட்டன் செய்த கருவியின் முன் பேரன் கைகூப்பி நின்றான்!

மலைமக்களை எண்ணி நகைக்க வேண்டாம். நாகரிகத்தின் உச்சி என்று தன்னைப் பாராட்டிக்கொண்ட ஐரோப்பாவின் உழவர்களும் இத்தகைய கற்களை இடியோடு வானிலிருந்து விழுந்தவை என்று நம்பிக் கூரையில் செருகி வைத்தனர். சீனரும் இவற்றை இடியின் கோடரி என்றே அழைத்தனர். அறியாமைக்கு நாடு இல்லை, நிறம் இல்லை, சாதி இல்லை. அறிவுக்கும் அப்படியே.

கல்லின் மெய்ப்பெயரைச் சொன்னவர் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியல் அறிஞர். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். யுகக்கணக்குகளைப் புராணங்கள் அளந்து கொட்டிக்கொண்டிருந்த நாட்டில், ஒரு கல்லைக் கையில் எடுத்து, இதோ சான்று என்று காட்டினார். அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஃபுட் தம் முதுமைக் காலத்தைக் கழித்த ஊர் ஏற்காடு. 1912-இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் அடங்கியிருக்கிறது. ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கிய தமிழறிஞர் பெர்சிவல் அவருடைய மாமனார். அவரும் அதே ஊரில்தான் அடங்கியிருக்கிறார். ஃபுட் வாழ்நாள் முழுதும் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அரசினர் காட்சிச்சாலை 1904-இல் வாங்கிற்று. நம் மக்கள் அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. செத்தவை வைக்கப்பட்டிருக்கும் கல்லூரி! கேலியாகப் பிறந்த பெயரானாலும் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உயிரோடிருக்கும் பல கல்லூரிகள் கற்பிக்காத பாடத்தை அந்தச் செத்த கல்லூரி கற்பித்தது. கோடரியிடமிருந்து கடவுள் வேடத்தைக் களைந்து, அதற்குரிய பெயரைத் திருப்பித் தந்தது.

மன்னன் எழுதிய தலைகீழ்க் கவிதை

மலைவாழ் மக்கள் எழுத்தறியாதவர். ஆதலால் கல்லைக் கடவுளென்றனர் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு விடை பீகிங் மாளிகையில் கிடைக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட சியென் லுங் பேரரசன் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கவிதைகளைத் தன் பெயரில் கொண்டவன், கலைப்பொருள்களைக் குவித்தவன், தான் கண்ட ஓவியங்களிலெல்லாம் தன் முத்திரையைக் குத்தியவன். அவனிடம் பச்சைக்கல்லில் செய்த பழம்பொருள்கள் சில வந்து சேர்ந்தன. வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை. பக்கங்களில் நுணுக்கமான வேலைப்பாடு. இவை என்ன? அறிஞர் அவை நிறைந்த அரண்மனையில், தண்டின் முனையில் பூட்டும் பூண் என்று முடிவு செய்தான் பேரரசன். புகழ்ந்து கவிதை பாடினான். அக்கவிதையை அந்தக் கல்லின்மேலேயே பொறிக்கச் செய்தான். சிலவற்றில் கவிதை தலைகீழாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லின் மேற்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை!

அவை பூண்கள் அல்ல. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியாங்சு மக்களின் படைப்புகள். 1936-இல் தொடங்கிய அகழாய்வும் அதன்பின் கல்லறைகளைத் தோண்டிக் கண்ட முடிவுகளும்தாம் அந்த உண்மையை வெளிக்கொணர்ந்தன. நம் மலைக் கோடரிகளைப் போலவே அவையும் உலோகக் கருவி இல்லாத மனிதன் கல்லைக் கல்லால் தேய்த்து உருவாக்கியவை.

மலைக்குடிலில் கல் கடவுளாயிற்று. மாளிகையில் கல் மன்னனின் விளையாட்டுப் பொருளாயிற்று. எழுத்தறியாதவனும் ஏமாந்தான், நாற்பதாயிரம் கவிதை எழுதியவனும் ஏமாந்தான். வேறுபாடு ஒன்றே. மலைவாழ் மனிதன் கல்லைச் சிதைக்காமல் வைத்து வணங்கினான். மன்னன் தன் பெயரை அதன்மேல் வெட்டினான்!

விண்ணின் மைந்தனும் மர முக்காலியும்

பீகிங் மாளிகையைக் கட்டியவன் யுங் லோ பேரரசன். 1406-இல் தொடங்கி 1420-இல் முடிந்த அம்மாளிகையில் மிங், சிங் என்னும் இரு மரபுகளைச் சேர்ந்த 24 பேரரசர்கள் வாழ்ந்தனர். தடுக்கப்பட்ட நகரம் என்பது அதன் பெயர். யாருக்குத் தடை? மதில் எழுப்பியவனுக்குத் தடை. ஓடு வேய்ந்தவனுக்குத் தடை. வரி கொடுத்தவனுக்குத் தடை. உள்ளே இருந்தவனோ விண்ணின் மைந்தன் என்று போற்றப்பட்டான். மண்ணில் பிறந்தவனை விண்ணில் பிறந்தவனாக்கும் வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

1911 அக்டோபர் 10 அன்று புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுச் சிறுவன் பூயியின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளிவந்தது. ஆயினும் முடியை இழந்தவன் மாளிகையை இழக்கவில்லை. உட்புற அரண்மனையில் குடியிருக்கவும் ஆண்டுதோறும் பெருந்தொகை பெறவும் குடியரசு இசைந்தது. மன்னராட்சி ஒழிந்தது, மன்னன் ஒழியவில்லை. விளைவு என்ன? ஏவலர் திருடினர், அதிகாரிகள் சுருட்டினர், பூயியும் தம்பிக்குப் பரிசளிப்பதாகச் சொல்லி அரிய ஓவியங்களையும் நூல்களையும் வெளியே கடத்தினான். 1923-இல் கருவூலம் இருந்த பகுதியொன்று எரிந்து சாம்பலாயிற்று. திருட்டை மறைக்க வைத்த தீ என்று பலரும் ஐயுற்றனர்.

1924 நவம்பர் 5 அன்று, பெங் யூ சியாங் என்னும் படைத்தலைவனின் வீரர்கள் மாளிகைக்குள் நுழைந்தனர். சில மணி நேரத்தில் வெளியேறும்படி பூயிக்குச் சொல்லப்பட்டது. வெளியேறினான். அறையொன்றில் பாதி கடித்த ஆப்பிள் அப்படியே கிடந்ததாம்.

அதன்பின் நடந்ததைத்தான் நம் இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். வெற்றி பெற்றோர் பொருள்களைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. குழு அமைத்தனர். அறிஞரும் இளம் எழுத்தரும் குளிரில் நடுங்கியபடி அறை அறையாகச் சென்று, கண்ட பொருள்களையெல்லாம் எண்ணிட்டுப் பட்டியல் எழுதினர். ஒவ்வோர் அரண்மனைக்கும் ஓர் எழுத்து அடையாளமாக வைக்கப்பட்டது. முதல் அரண்மனைக்கு அமைந்த எழுத்தின் பொருள் ‘விண்’. ‘விண்’ வரிசையில் முதல் எண் பெற்ற பொருள் எது தெரியுமா? மணிமுடி அன்று, அரியணை அன்று, வாயிலருகே கிடந்த, ஏறி நிற்க உதவும் ஒரு மர முக்காலி! விண்ணின் மைந்தன் வீட்டில் விண்ணின் முதலிடம் மிதிபடும் பலகைக்குக் கிடைத்தது. எந்தச் சொற்பொழிவாளனும் இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் நடத்தியதில்லை. பட்டியலுக்கு முன் எல்லாப் பொருளும் சமம். பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்பட்டியலில் ஏறின.

1925 அக்டோபர் 10, புரட்சி நாள். தடுக்கப்பட்ட நகரம் அரண்மனைக் காட்சிச்சாலை என்னும் பெயரோடு மக்களுக்குத் திறக்கப்பட்டது. பல்லாயிரவர் திரண்டனர். நெற்றி நிலத்தில் மோத வணங்க வேண்டிய அரியணையின் எதிரே நின்று, இவ்வளவுதானா என்று பார்த்தனர். இவ்வளவுதானா என்னும் அந்த ஒரு சொல்லில் ஓராயிரம் ஆண்டு அச்சம் கரைந்தது.

காத்தவர் யார்? ஓடியவர் யார்?

மன்னர்கள் இல்லாவிடில் கலைச்செல்வங்களை யார் காப்பார் என்று அரண்மனைப் பற்றாளர் கேட்பர். வரலாறு விடை தந்திருக்கிறது.

1931-இல் சப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றிற்று. பீகிங்குக்கும் ஆபத்து நெருங்கியது. 1933-இல் 13,427 பெட்டிகளில் மாளிகைப் பொருள்கள் தெற்கே அனுப்பப்பட்டன. முதலில் ஷாங்காய்; பின் நான்கிங். 1937-இல் முழுப்போர் மூண்டதும் மூன்று வழிகளில் மேற்கே நகர்ந்தன: தெற்கு வழியில் மிகச் சிறந்த பொருள்கள் அடங்கிய 80 பெட்டிகள், யாங்சி ஆற்று வழியில் ஒன்பதாயிரத்துக்கும் மேல், வடக்கு வழியில் ஏழாயிரத்துக்கும் மேல். தெற்கு வழிப் பெட்டிகள் சில காலம் தங்கியிருந்த சாங்சா நகரத்துப் பல்கலைக்கழக நூலகம், அவை அகன்றபின் குண்டுவீச்சில் அழிந்தது. பின்னர் அப்பெட்டிகள் பல ஆண்டுகள் ஒரு மலைக்குகையில் இருந்தன. படகோட்டிகள், சுமையாளர்கள், லாரி ஓட்டுநர்கள், சிறு சம்பள எழுத்தர்கள் — இவர்களே காவலர்கள். போர் முடிந்து 1947-இல் பெட்டிகள் நான்கிங் திரும்பியபோது, பத்தாயிரம் கல் தொலைவும் பதினான்கு ஆண்டும் கடந்தும் பெரும் இழப்பு நேரவில்லை.

அந்நாட்களில் விண்ணின் மைந்தன் என்ன செய்துகொண்டிருந்தான்? சப்பானியர் மஞ்சூரியாவில் அமைத்த பொம்மை அரசின் தலைவனாகி, 1934-இல் பேரரசன் என்று முடிசூடிக்கொண்டு, படையெடுத்து வந்தவனுக்குப் பணிந்து கிடந்தான். முன்னோர் செல்வத்தைக் காட்டிக்கொடுத்தவன் மன்னன். தோளில் சுமந்து காத்தவன் கூலிக்காரன்.

பின்னர் உள்நாட்டுப் போர். தோல்வியை நோக்கிச் சென்ற சியாங் கை ஷேக்கின் அரசு, 1948 இறுதியிலும் 1949 தொடக்கத்திலும் மூன்று கப்பல்களில் 2,972 அரண்மனைப் பெட்டிகளைத் தைவானுக்குக் கொண்டு சென்றது. தெற்கே வந்தவற்றில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு; ஆனால் பொறுக்கியெடுத்த பங்கு. 1965 நவம்பர் 12 அன்று, சுன் யாட் சென் பிறந்த நாளில், தைப்பே நகரத்து மலைச்சாரலில் தேசிய அரண்மனைக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அங்கே இன்று ஏழு இலட்சத்தை எட்டும் பொருள்கள். பெய்ஜிங்கில் 18 இலட்சத்துக்கும் மேல். ஒரே மாளிகையின் செல்வம் கடலின் இருகரையில் பிரிந்து கிடக்கிறது.

தைப்பேயில் மக்கள் முண்டியடித்துப் பார்க்கும் பொருள்களில் ஒன்று, 18.7 சென்டிமீட்டர் உயரமுள்ள முட்டைக்கோசு, பச்சைக்கல்லில் செதுக்கியது. கல்லின் வெண்மைப் பகுதியைத் தண்டாக்கி, பசுமைப் பகுதியை இலையாக்கி, இலைமேல் வெட்டுக்கிளியும் அமர்த்தியிருக்கிறான் சிற்பி. எந்த அரசி வாழ்ந்த அரண்மனையில் அது இருந்தது என்பது தெரியும். செய்தவன் பெயர்தான் தெரியாது! உடையவள் பெயர் ஏட்டில். உழைத்தவன் பெயர் காற்றில்.

தமிழ் பேசிய அரசாணை

இந்த மாளிகை வரலாற்றில் தமிழுக்கும் ஓர் ஏடு உண்டு. மாளிகையைக் கட்டிய அதே யுங் லோ பேரரசன், செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவனைப் பெருங்கப்பல்களோடு அனுப்பினான். 1409-ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டு ஒன்று இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழ் அன்று பெற்றிருந்த உயர்வுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் பெருமையோடு நின்றுவிடாமல் பொருளையும் படிக்க வேண்டும். சீனப்பகுதி புத்தருக்குக் காணிக்கை என்கிறது. தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை என்கிறது. பாரசீகப்பகுதி இசுலாத்தின் பெயரால் காணிக்கை என்கிறது. மூன்று தெய்வம், காணிக்கைப் பட்டியலோ ஏறத்தாழ ஒன்றே: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். எந்தத் துறைமுகத்தில் எந்த வணிகன் இருக்கிறானோ அவன் தெய்வத்துக்கு அவன் மொழியில் வணக்கம்! இது பக்தியா, வாணிபமா? அதே செங் ஹோ 1411-இல் இலங்கைத் தலைவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றான் என்பதையும் சேர்த்துப் படித்தால் விடை எளிது.

அந்தக் கல் என்ன ஆயிற்று? காலி நகரத்தில் ஒரு சிறு பாலத்துக்கு மூடுபலகையாக, எழுத்து கீழ்நோக்கிக் கவிழ்ந்து கிடந்தது. பேரரசன் ஆணையின் மேல் மக்கள் நடந்தனர்; வண்டிகள் ஓடின. பொறியாளர் ஒருவர் அதைக் கண்டு எடுத்த ஆண்டு 1911! சீனப் பேரரசுக்கு எதிராகப் புரட்சி வெடித்த அதே ஆண்டில், காலியில் பேரரசனின் கல் நிமிர்ந்தது. இன்று கொழும்பு தேசியக் காட்சிச்சாலையில், கடவுளுக்கும் அரசனுக்கும் உரியதாக இல்லாமல், படிப்பவர் எவருக்கும் உரியதாக நிற்கிறது.

மலைக்குத் திரும்ப வேண்டியது

இனி நம் மலைக்குத் திரும்புவோம். ஒரு கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கற்கோடரிகள் சென்னைக்கு வந்தன. கண்ணாடிப் பேழையில் அமர்ந்தன. அறிஞர் நூல் எழுதினர். ஆனால், அக்கோடரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்த மலைமக்களுக்கு, இதன் மெய்ப்பொருள் இன்னது என்று நாம் சொன்னோமா? அவர்களிடமிருந்து கடவுளை எடுத்துக்கொண்டு, மாற்றாக வரலாற்றைக் கொடுத்தோமா? கொடுக்கவில்லையென்றால், மன்னன் மாளிகைக்கும் நம் காட்சிச்சாலைக்கும் என்ன வேறுபாடு? கதவு திறந்திருப்பதனால் மட்டும் ஒரு மாளிகை மக்களுடையதாகிவிடாது. உள்ளே இருக்கும் அறிவு வெளியே நடந்து செல்ல வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. எழும்பூருக்குச் செல்லுங்கள், அந்தக் கோடரிகளின் முன் நின்று பாருங்கள். பிறகு மலைக்குச் செல்லுங்கள். மரத்தடியில் கல்லொன்று குங்குமம் பூசி நிற்கக் கண்டால், எள்ளி நகையாடாதீர்கள், எட்டி உதைக்காதீர்கள், பையில் போட்டுக்கொண்டும் வந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த தொல்பொருள் பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது. பீகிங்கின் எழுத்தர்களைப் போல எண்ணிடுங்கள், இடத்தைக் குறியுங்கள், படம் எடுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பின்பு அவ்வூர்ப் பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: “ஐயா, இது வானத்திலிருந்து விழுந்ததன்று, உங்கள் மண்ணில் வாழ்ந்த மனிதன் கையால் செய்தது. இதை வணங்க வேண்டிய தேவை இல்லை. இதைச் செய்த கைகளை நினைத்துப் பெருமைப்படலாம்.”

அப்படிச் சொல்லும்போது கடவுள் ஒன்று குறையும். ஆனால் அந்த மலையில் மனிதர் பலர் நிமிர்வர். விண்ணின் மைந்தன் வெளியேறியபோது மாளிகை வெறுமையாகிவிடவில்லை. மக்கள் வந்து அதை நிறைத்தனர். கல்லைவிட்டுக் கடவுள் வெளியேறும்போதும் அப்படித்தான். அந்த இடத்தில் வந்து அமர உழைத்த மனிதன் காத்திருக்கிறான். அவனை அமர்த்தும் வரையில் நம் பணி முடிந்ததாகாது.